சென்ற வண்டிகளும் மீண்ட வண்டிகளும்

குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைக் காலையொன்றில் தில்லி வீதியிலோ கொல்கத்தா மைதானத்தின் ஓரத்திலோ நின்ற நேயர்கள் அந்தக் காட்சியைக் கண்டிருக்கக்கூடும். பித்தளை விளக்குகள் மின்ன, மரக்கால்களைக் கொண்ட சக்கரங்கள் சுழல, தொண்டை கட்டிய முதியவரைப்போல் இருமிக்கொண்டு பழைய மோட்டார் வண்டிகள் வரிசையாகச் செல்லும். ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழ் 1964-ஆம் ஆண்டில் தில்லியிலும், 1968-ஆம் ஆண்டில் கல்கத்தாவிலும் தொடங்கிவைத்த அணிவகுப்பு அது. தில்லி ரயில்வே அருங்காட்சியகத்தில் உள்ள 1914-ஆம் ஆண்டுத் தீயணைப்பு வண்டியும் அதில் கலந்துகொண்டதுண்டு. நிஜாம் சமஸ்தான ரயில்வேக்காக இங்கிலாந்தில் செய்யப்பட்ட வண்டி அது.

வேடிக்கை பார்த்து வீடு திரும்பும்போது நம் மனத்தில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. இந்த வண்டிகளின் உடன்பிறப்புகள் எங்கே போயின? போனவற்றுள் ஒன்றையாவது விலைகொடுத்து வாங்கித் திரும்பக் கொண்டுவர முடியுமா? இவ்விரண்டுக்கும் விடை தேடுவதே இன்றைய பேச்சின் நோக்கம். கேள்விகள் செல்வர்களின் பொழுதுபோக்கைப் பற்றியவைபோல் தோன்றும். ஆயினும் ஒரு நாடு தன் பழம்பொருளை எப்போது குப்பை என்கிறது, எப்போது செல்வம் என்கிறது என்பதை அறிய இதைக்காட்டிலும் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

முதலில் வரவைப் பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் பம்பாயிலும் கல்கத்தாவிலும் மோட்டார் வண்டி தலைகாட்டியது. சென்னையில் சிம்ப்ஸன் கம்பெனி 1840-ஆம் ஆண்டிலிருந்து குதிரை வண்டிகளுக்குக் கூண்டு கட்டிப் புகழ் பெற்றிருந்தது. அதைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் 1903-இல் நீராவியால் ஓடும் கார் ஒன்றை இங்கேயே கட்டி ஓட்டிக் காட்டினார். இத்தகைய அரிய முயற்சிகளை நீக்கிப் பார்த்தால், அந்நாளில் இந்தியச் சாலையில் ஓடிய கார் யாவும் கப்பலில் வந்தவையே.

கார் வாங்குவதென்பது அன்று கடைக்குச் சென்று ஆயத்தமான வண்டியை எடுத்துவருவதன்று. ரோல்ஸ்-ராய்ஸ் போன்ற தொழிற்சாலை, எஞ்சினும் சக்கரமும் பொருத்திய சேஸிஸ் என்னும் அடிச்சட்டத்தை மட்டுமே செய்து கொடுக்கும். பார்க்கர், ஹூப்பர், திரப் அண்டு மேபர்லி முதலிய பாடி கட்டும் கம்பெனிகள் அதன்மேல் வாடிக்கையாளர் விரும்பிய வடிவத்தில் மேற்கூட்டை அமைக்கும். ஆஷ் என்னும் மரத்தால் எலும்புக்கூடு செய்து, அதன்மேல் அலுமினியத் தகட்டைப் போர்த்துவது பெருவழக்கு. ஆகவே ஒரே ஆண்டில் ஒரே தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த இரு வண்டிகள்கூட ஒன்றுபோல் மற்றொன்று இராது. கோஷா முறையைக் காக்கும் அரசியருக்கு நிறக் கண்ணாடி, வேட்டைக்குச் செல்லும் மன்னருக்குப் பெரிய தேடு விளக்கு, ஊர்வலத்துக்கு உயர்ந்த ஆசனம் என்று கடிதத்தில் எழுதினால், அவ்வாறே கட்டிச் சூயஸ் கால்வாய் வழியாக அனுப்பிவைப்பார்கள்.

இந்தியச் சாலைகளில் இவை தாங்குமா என்ற ஐயம் தொடக்கத்தில் இருந்தது. 1908-ஆம் ஆண்டு பம்பாய்க்கும் கோலாப்பூருக்கும் இடையே ஏறத்தாழ 620 மைல் தூரத்துக்குச் சோதனை ஓட்டம் ஒன்று நடந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்களை ஏறி இறங்கி, அதில் ஒரு ரோல்ஸ்-ராய்ஸ் வண்டி வெற்றி பெற்றது. ‘கிழக்கின் முத்து’ என்று பொருள்படும் பெயர் சூட்டப்பெற்ற அவ்வண்டியைக் குவாலியர் மகாராஜா வாங்கிக்கொண்டார். அதன் பின்னர் சமஸ்தானங்களுக்குள் போட்டி மூண்டது. ஹைதராபாதின் ஆறாம் நிஜாம் மகபூப் அலி கான் தமக்கென ஒரு சிம்மாசன வண்டியைக் கட்டச் சொன்னார். அது முடிவதற்குள் 1911-இல் அவர் காலமாகிவிட்டார். மஞ்சள் நிறமுடைய அந்த ரோல்ஸ்-ராய்ஸ் மிகச் சில நூறு மைல்களே ஓடியது. ஹைதராபாதில் வாழும் நம்மவர்கள் சௌமகல்லா அரண்மனைக்குச் சென்றால் அதை இன்றும் காணலாம். வந்த இடத்திலேயே தங்கிவிட்ட பாக்கியசாலி வண்டி அது.

எல்லா வண்டிகளுக்கும் அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. கல்கத்தாவில் வாழ்ந்த ராபர்ட் மாத்யூசன் என்ற செல்வர், 1910-ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் லோவஸ்டாஃப்ட் நகரிலிருந்த புரூக் கம்பெனியைக் கொண்டு அன்னப் பறவையின் உருவில் ஒரு காரைக் கட்டுவித்தார். கழுத்தை வளைத்து நிமிர்ந்த அன்னம். அதன் கண்களில் விளக்கு எரியும். அலகிலிருந்து சுடுநீர் சீறி வழி விலக்கும். கல்கத்தாத் தெருவில் அது கிளப்பிய கலவரத்தைக் கண்டு காவல் துறையினர் அதை ஓட்டக்கூடாதென்று தடுத்ததாகச் சொல்வர். பின்னர் அது நாபா மகாராஜாவின் கைக்குச் சென்றது. அந்த அன்னம் இன்று இந்தியாவில் இல்லை. நெதர்லாந்தின் லௌமன் அருங்காட்சியகம் 1991-இல் அதை வாங்கிச் செப்பனிட்டுக் காட்சிக்கு வைத்திருக்கிறது. கல்கத்தாவின் அன்னத்தைக் காணக் கல்கத்தாக்காரர் ஹேக் நகரத்துக்குச் செல்லவேண்டும்!

இந்தூர் மன்னர் யஷ்வந்த் ராவ் ஹோல்கருக்காக அமெரிக்காவில் செய்த சேஸிஸின்மேல் லண்டன் கர்னி நட்டிங் கம்பெனி பாடி கட்டிய டூசன்பர்க் வண்டியின் கதையும் இத்தகையதே. உலகின் அழகிய கார்களுள் ஒன்றென்று போற்றப்படும் அது, பிற்காலத்தில் அமெரிக்கச் சேகரிப்பாளர்களின் உடைமையாயிற்று.

இவை ஏன் போயின? யாரோ வந்து கவர்ந்து சென்றார்கள் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் வரலாறு அவ்வளவு எளிதன்று.

விடுதலைக்குப் பின் சமஸ்தானங்கள் இந்தியாவுடன் இணைந்தன. அரசர்க்கு வருவாய் குறைந்தது. 1953-இல் மரணச் சொத்து வரியும் 1957-இல் செல்வ வரியும் வந்தன. இறுதியாக 1971-ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் மன்னர் மானியத்தை அடியோடு ஒழித்தது. மக்களாட்சியில் இவை நியாயமான மாறுதல்களே. ஆனால் இருபது கார் நிற்கும் கொட்டகையை வைத்திருந்தவர், மெக்கானிக்கின் சம்பளத்துக்கும் பெட்ரோலுக்கும் கணக்குப் பார்க்கத் தொடங்கினார். கொட்டகையிலிருந்த வண்டிகளில் பல அவருடைய பாட்டனார் ஆசைப்பட்டு வாங்கியவை. பேரனுக்கோ அவை இடத்தை அடைத்துக்கொண்டிருந்த இரும்பு.

அதே காலத்தில் மேல்நாட்டில் மனப்போக்கு வேறு திசையில் சென்றுகொண்டிருந்தது. இங்கிலாந்தில் முதுகார் சங்கம் 1930-லும், பழைய பந்தயக் கார்களுக்கான சங்கம் 1934-லும் தோன்றிவிட்டன. லண்டனிலிருந்து பிரைட்டனுக்குப் பழைய கார்களை ஓட்டிச் செல்லும் விழாவை மையமாகக் கொண்ட ‘ஜெனவீவ்’ என்ற திரைப்படம் 1953-இல் வெளிவந்து அந்த ஆசையைப் பொதுமக்களிடம் பரப்பியது. அங்கே பழைய வண்டியைத் தேடுவோர் பெருகினர். இங்கே பழைய வண்டியைத் தள்ளிவிட நினைப்போர் பெருகினர். இவ்விரு சாராரும் சந்தித்தால் விளைவு என்னவாகும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? 1960-களில் அயல்நாட்டார் சமஸ்தானத் தலைநகரங்களைச் சுற்றி வந்து கார்களை வாங்கிக் கப்பலேற்றினர். விற்றவர் மனமுவந்து விற்றார். வாங்கியவர் விலைகொடுத்தே வாங்கினார். ஆயினும் ஒருவருக்குப் பொருளின் மதிப்புத் தெரிந்து, மற்றவருக்குத் தெரியாத சந்தையைச் சமமான சந்தை என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

இந்த இடத்தில் ஒரு வழக்குக் கதையைக் குறிப்பிடவேண்டும். லண்டன் கடைக்காரர் அவமதித்தார் என்று கோபங்கொண்ட மகாராஜா, ரோல்ஸ்-ராய்ஸ் வண்டிகளை வாங்கி வந்து அவற்றில் குப்பை அள்ள வைத்தார் என்று சொல்வார்கள். ஆல்வார் என்பார் ஒருவர். பரத்பூர் என்பார் மற்றொருவர். ஹைதராபாத் என்பார் வேறொருவர். ஒரே கதையைப் பல அரசர்மேல் ஏற்றிச் சொல்லும்போது அதை வரலாறாகக் கொள்ளாமல், ஆளப்பட்ட மக்கள் தம் ஆறுதலுக்காகச் சொல்லிக்கொண்ட கதையாகக் கொள்வதே முறை. பழைய வண்டியைப் பற்றிக் கதைகள் நமக்கு எளிதில் கிடைக்கின்றன. காகிதங்களே கிடைப்பதில்லை. இக்குறையைப் பற்றிப் பின்னர் மீண்டும் பேசுவோம்.

இனி நாட்டின் தொழிற்கொள்கை இக்கதையில் வகித்த பங்கைக் காண்போம். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1928-இல் பம்பாய் சிவ்ரியில், வெளிநாட்டிலிருந்து வந்த உறுப்புகளைக் கொண்டு கார்களைப் பூட்டும் ஆலையைத் திறந்தது. ஃபோர்டு கம்பெனியும் இந்தியத் துறைமுக நகரங்களில் அவ்வாறே செய்தது. விடுதலைக்குப் பின் அரசாங்கம் வேறு வழியைத் தேர்ந்தது. இங்கேயே உறுப்புகளைச் செய்யும் திட்டமில்லாதவர்க்கு இடமில்லை என்று 1953-இல் முடிவாயிற்று. அவ்விரு பெருங் கம்பெனிகளும் விலகிச் சென்றன. கல்கத்தாவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு ஆகியவை நின்றன. 1948-இல் தோன்றி எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிவந்த அசோக் மோட்டார்ஸ், பின்னர் அசோக் லேலண்டு என்ற பெயருடன் லாரித் தொழிலுக்குத் திரும்பிற்று.

1957, 1958-ஆம் ஆண்டுகளில் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றியது. உணவு தானியத்துக்கும் எந்திரங்களுக்கும் டாலர் போதாதபோது சொகுசுக் காருக்கு ஏது டாலர்? இறக்குமதிக் கதவு ஏறத்தாழ முழுவதும் மூடியது. இதனால் ஒரு விந்தை நிகழ்ந்தது. வந்த வண்டி வந்ததுதான், இனி வேறொன்று வராது என்ற நிலையில், இருந்த வண்டிகளைச் சாகவிடாமல் காப்பாற்றும் கலை நம் பட்டறைகளில் வளர்ந்தது. இங்கிலாந்தில் எறிந்துவிடும் கார்புரேட்டரை இங்கே கடைசல் போட்டுச் சரிசெய்தார்கள். ஒரு கம்பெனியின் கியரை வேறொரு கம்பெனியின் பெட்டியில் பொருத்தினார்கள். அந்த மெக்கானிக்குகளின் பெயர்களை எந்தப் புத்தகமும் எழுதி வைக்கவில்லை. ஆனால் இன்று அணிவகுப்பில் செல்லும் வண்டிகளுள் பல அவர்கள் இட்ட உயிரால் ஓடுகின்றன. பஞ்சம் ஒரு பக்கம் வண்டிகளைக் காப்பாற்றியது. மறுபக்கம் அவற்றின் மூல உறுப்புகளை மாற்றியும் விட்டது.

கார்கள் வெளியே போய்க்கொண்டிருப்பதை அரசாங்கம் உணர்ந்தபோது 1970-கள் பிறந்துவிட்டன. நாட்டின் ஏற்றுமதி விதிகளில் ஓர் எல்லைக்கோடு வந்தது. 1950-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதிக்கு முன் செய்யப்பட்ட காரையோ அதன் உறுப்பையோ அனுமதியின்றி வெளியே அனுப்பலாகாது என்பது அது. பழைய மோட்டார் சைக்கிளுக்கு அந்தக் கோடு 1940. குதிரை ஓடியபின் லாயத்தைப் பூட்டியதாகச் சிலர் குறை கூறுவர். ஆனால் லாயத்தில் எஞ்சியிருந்த குதிரைகள் அந்தப் பூட்டினால்தான் நமக்கு எஞ்சின. ஆமதாபாத்தை அடுத்த கட்வாடாவிலும், உதயபுரி அரண்மனையாரின் கொட்டகையிலும், ஹரியாணாவின் தாவடூவில் 2013-இல் திறந்த போக்குவரத்து அருங்காட்சியகத்திலும், நம் கோவையில் ஜி. டி. நாயுடுவின் பெயரைத் தாங்கும் கார் அருங்காட்சியகத்திலும் இன்று நாம் காணும் அணிவரிசைகள் அதற்குச் சான்று.

இனி மீட்சியைப் பற்றிப் பேசுவோம். வெளியே போகும் வாயிலில் காவல் இருந்ததுபோல் உள்ளே வரும் வாயிலிலும் காவல் இருந்தது. 2001-ஆம் ஆண்டில் இறக்குமதிக் கட்டுகள் பொதுவாகத் தளர்ந்தபோது, பயன்படுத்திய காருக்கு அரசாங்கம் நிபந்தனைகளை விதித்தது. வண்டி மூன்றாண்டுக்கு மேற்பட்டதாக இருக்கலாகாது. வலப்பக்கம் ஸ்டியரிங் இருக்கவேண்டும். மும்பைத் துறைமுகம் வழியாக மட்டுமே வரவேண்டும். மேல்நாடுகள் கழித்துக் கட்டும் வண்டிகள் இங்கே வந்து குவிந்துவிடலாகாது என்பதே அதன் கருத்து. அது நல்ல கருத்துத்தான். ஆனால் மூன்றாண்டுக்கு மேற்பட்ட வண்டி கூடாதென்றால், எண்பதாண்டு வண்டியின் கதி என்ன? அதற்கென்று ஒரு விலக்கு இருந்தது. அங்கேயும் 1950 ஜனவரி முதல் தேதியே நெடுங்காலம் எல்லைக்கல்லாக நின்றது. அதற்கு முற்பட்ட வண்டியைச் சேகரிப்பாளர் தம் சொந்த உபயோகத்துக்காகக் கொண்டுவரலாம்.

கொண்டுவரலாம் என்பது வேறு. கொண்டுவர இயலும் என்பது வேறு. வாங்கிய விலையோடு கப்பல் கூலியையும் காப்புறுதியையும் கூட்டி, அந்த மொத்தத்தின்மேல் சுங்கம் விதிப்பது முறை. அடிப்படைச் சுங்கத்தின்மேல் மற்ற வரிகளும் ஏறி, அந்தச் சுமை பல ஆண்டுகள் வண்டியின் விலையையே மிஞ்சியிருந்தது. 1960-களில் இரும்பு விலைக்குக் கைவிட்ட பொருளை உலகச் சந்தையின் ஏல விலைக்கு வாங்கி, அதற்கு மேலும் ஒரு விலையைச் சுங்கச் சாவடியில் கட்டவேண்டும் என்றால், நம் முந்தைய அசட்டையின் கணக்கு நமக்கு விளங்கும்.

பணம் இருந்தாலும் போதாது. பழைய காரை வாங்குவோர் முதலில் வண்டியின் பளபளப்பைப் பார்க்கிறார்கள். அறிந்தவர்கள் முதலில் எண்ணைப் பார்க்கிறார்கள். சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆவணத்தோடு பொருந்துகின்றனவா? பாடி முதலில் கட்டியதுதானா, அல்லது பழைய சேஸிஸின்மேல் பிற்காலத்தில் ஏற்றியதா? விற்பவர் உண்மையான உடைமையாளரா? அவர் நாட்டிலிருந்து அதை வெளியே கொண்டுவர உரிமை உண்டா? பாடியின் மரக்கூட்டைப் பூச்சி அரித்திருக்கிறதா? இவற்றுக்கெல்லாம் விடை கண்டபின்பே பணம் கை மாறவேண்டும். கப்பலில் வந்து இறங்கிய பின் சுங்கத்தார் ஏற்றுக்கொள்ளும் ‘பில் ஆஃப் என்ட்ரி’ என்னும் இறக்குமதிச் சீட்டு அந்த வண்டிக்கு இந்தியாவில் பிறப்புச் சான்று போன்றது. அது இல்லாமல் பதிவு இல்லை.

பதிவின் அருமை நமக்குத் தெரியாததன்று. தமிழ்நாட்டில் பதிவான வண்டியை மகாராஷ்டிரத்துக்கோ தில்லிக்கோ கொண்டுவந்து, ஓராண்டுக்குமேல் அங்கே வைத்திருந்து, தடையில்லாச் சான்றுக்காக இரு ஊர் அலுவலகங்களுக்கும் இடையே அலைந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. நேற்று வாங்கிய வண்டிக்கே இவ்வளவு என்றால், 1920-ஆம் ஆண்டு வண்டியின் நிலையைச் சொல்லவேண்டியதில்லை. இக்குறையை நீக்க 2021 ஜூலையில் மத்திய அரசு தனி விதிகளை வெளியிட்டது. ஐம்பதாண்டுக்கு மேற்பட்ட இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்குத் தனிப் பதிவு. எண் பலகையில் ‘வி.ஏ.’ என்னும் எழுத்துகள், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டுச் செல்லுபடி. வாடகைக்கோ வணிகத்துக்கோ ஓட்டலாகாது. அணிவகுப்பு, கண்காட்சி, தொழில்நுட்ப ஆராய்ச்சி, பராமரிப்பு இவற்றுக்கு மட்டுமே சாலைக்கு வரலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவை பெருமாறுதலின்றி மூல வடிவில் இருக்கவேண்டும். பழமை என்பது வயது மட்டுமன்று, உண்மைத் தன்மையும் ஆகும் என்பதைச் சட்டம் இங்கே ஒப்புக்கொண்டது.

மீண்ட வண்டிக்கு ஓர் உதாரணம் சொல்லாமல் இப்பேச்சு நிறைவுறாது. ராஜ்கோட் மன்னர் தர்மேந்திர சிங்ஜிக்காக 1934-இல் ஒரு ரோல்ஸ்-ராய்ஸ் பேண்டம் வண்டிக்குத் திரப் அண்டு மேபர்லி கம்பெனி பாடி கட்டியது. காவி கலந்த பொன்னிறம் பூசிய அதற்கு ‘இந்தியாவின் விண்மீன்’ என்று பொருள்படும் ‘ஸ்டார் ஆஃப் இந்தியா’ என்ற பெயர் நிலைத்தது. 1960-களின் இறுதியில் அது விற்கப்பட்டு வெளிநாடு சென்றது. நாற்பதாண்டுகளுக்கு மேல் கழிந்தபின் அதே அரச மரபின் வழித்தோன்றல் பெரும்பொருள் கொடுத்து அதை மீண்டும் தம் குடும்பத்தின் உடைமையாக்கினார். முன்னோரின் தேர் வழித்தோன்றலின் கைக்கு வந்தது.

இந்தக் கதை நமக்கு மகிழ்ச்சி தருகிறது. ஆனால் இதில் மற்றொரு பாடமும் உண்டு. அந்த வண்டி இன்னதென்று ஐயமற உலகம் அறிந்தது எப்படி? ரோல்ஸ்-ராய்ஸ் தொழிற்சாலை தான் செய்த ஒவ்வொரு சேஸிஸுக்கும் ஓர் அட்டை எழுதியது. கேட்டவர் யார், பாடி கட்டியவர் யார், என்ன சிறப்புகள் வேண்டப்பட்டன, எந்நாளில் அனுப்பப்பட்டது என்ற விவரங்கள் அதில் அடங்கும். அவ்வட்டைகளை அவ்வண்டிகளின் ஆர்வலர் சங்கத்தினர் இங்கிலாந்தில் காத்துவருகிறார்கள். இந்தியாவில் ஓடிய வண்டியின் ஜாதகத்தை அறிய இந்தியர் இங்கிலாந்துக்கு எழுதிக் கேட்கவேண்டியிருக்கிறது. நம் பக்கத்தில் இருந்த ஏடுகள் என்னவாயின? சமஸ்தானக் கொட்டகையின் கணக்குப் புத்தகம், டிரைவர் எழுதிய ஓட்டக் குறிப்பு, பட்டறைச் சீட்டு, பழைய பதிவுப் புத்தகம் ஆகியவை பெரும்பாலும் கரையானுக்கும் பழைய காகிதக்காரனுக்கும் போயின. வண்டியை மீட்கப் பணம் உதவும். தொலைந்த காகிதத்தை எந்தப் பணமும் மீட்பதில்லை. அங்கிருந்து மீண்டு வரும் வண்டி, அங்கே எழுதி வைத்த கதையோடுதான் வருகிறது. இங்கே வாழ்ந்த நாட்களின் கதை அதனிடம் இல்லை.

இது அரசர்களின் வண்டிகளோடு முடிந்துவிட்ட சங்கதி என்று நேயர்கள் கருதவேண்டாம். பழங்கார்களுக்குச் சிறப்புப் பதிவளித்த 2021 ஜூலைக்கு அடுத்த மாதமே, பழைய வண்டிகளைக் கழித்துக்கட்டும் கொள்கையும் தொடங்கிவைக்கப்பட்டது. தில்லியில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டியும் பதினைந்தாண்டு கடந்த பெட்ரோல் வண்டியும் ஓடலாகாதென்று 2015-லும் 2018-லும் நீதிமன்றக் கட்டளைகள் எழுந்தன. 2025-இல் அவற்றை நடைமுறைப்படுத்துவது மீண்டும் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. காற்று நஞ்சாகும் நகரத்தில் மூச்சுவிடும் குழந்தையின் உரிமை எந்தக் காரின் அழகுக்கும் கீழ்ப்பட்டதன்று. அதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் ஒரு முரண்பாட்டை எண்ணிப் பாருங்கள். பதினைந்தாம் வயதில் வண்டிக்குக் குற்றவாளியின் நிலை. ஐம்பதாம் வயதில் அதற்கே மாலை மரியாதை. இடைப்பட்ட முப்பத்தைந்து ஆண்டுகள் அது யாருடைய நிழலில் ஒதுங்கி உயிர் வாழ்வது?

1961 முதல் சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 2014 வரை உற்பத்தியான அம்பாசடர், 1983-இல் பிறந்த மாருதி 800 ஆகியவை அரசர்களின் வண்டிகள் அல்ல; நம் வண்டிகள். ஊரைவிட்டு வந்த நம் தந்தையார் முதல் சம்பளங்களைச் சேர்த்து வாங்கிய வண்டியாக அவற்றுள் ஒன்று இருக்கக்கூடும். கரோல் பாக்கிலிருந்தோ மாதுங்காவிலிருந்தோ குடும்பத்தோடு ஊருக்குப் புறப்பட்டபோது கூரையில் பெட்டி கட்டிய வண்டியாகவும் அது இருக்கக்கூடும். அவையெல்லாம் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. பெரும்பாலானவை உருகி வேறு இரும்பாவதே நியாயம். ஆனால் சிலவேனும் எஞ்சவேண்டும். எஞ்சுபவை தம் ஏடுகளோடு எஞ்சவேண்டும்.

ஆகையால் வண்டியை விற்கும் நாளில் விலையை மட்டும் எண்ணிப் பார்த்துக் கைகழுவிவிடாதீர்கள். பதிவுப் புத்தகத்தின் நகல், வாங்கிய ரசீது, வண்டியின் பக்கத்தில் நின்று எடுத்த புகைப்படம், பழுது பார்த்த மெக்கானிக்கின் பெயர் ஆகியவற்றை ஓர் உறையில் இட்டு வையுங்கள். முடியுமாயின் ஒரு நகலை வண்டியோடும் அனுப்புங்கள். இதற்குச் சுங்கம் இல்லை. அனுமதிச் சீட்டும் தேவையில்லை. அரசர்கள் செய்யத் தவறியது இது. அவர்களால் வாங்க முடிந்த எதையும் நம்மால் வாங்க முடியாது. ஆனால் அவர்கள் காவாமல் விட்டதை நம்மால் காக்க முடியும்.

அடுத்த குளிர்காலத்தில் அந்த அணிவகுப்பு மீண்டும் வரும். குழந்தைகளை அழைத்துச் செல்லுங்கள். வண்டியின் பெயரைக் கேட்பதோடு நில்லாமல், அதை ஓட்டிவரும் முதியவரிடம் அது எப்படி அவர் கைக்கு வந்தது என்று கேளுங்கள். அவர் சொல்வதை வீடு திரும்பியதும் எழுதி வையுங்கள். நெதர்லாந்தில் நிற்கும் அன்னம் கல்கத்தாவுக்குத் திரும்பி வராமற்போகலாம். அடுத்த அன்னம் போகாதிருக்க, அதன் கதையை அறிந்தவர் இங்கே நால்வராவது இருக்கவேண்டும்.